லேம்ப் முழுசாக எரிந்தால் ஷார்ட்

நான் ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கடத்தூர் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் குழிக்குள் இறங்கிய மோட்டார்களில் பாதிக்கு மேல் ஒரு தடவையாவது என் கையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கும். கம்பைநல்லூரிலிருந்து வருவார்கள். அந்தப் பக்கம் ஏரியூரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். கம்பெனிக்காரனே கைவிட்ட மோட்டாரை நான் ஓட வைத்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை. பதினோரு வயதில், எரிந்துபோன மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவரும் வேலைக்குச் சேர்ந்தவன், இன்றைக்கு அதே ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பார்த்தேன், சுற்றை எண்ணிப் பார்த்தேன், திரும்பச் சுற்றினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அப்படிப்பட்ட என்னை இந்த அறுபத்துநான்கு வயதில் ஒரு ரேடியோ லைசென்ஸ் படுத்திய பாட்டை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரிதான் எழுதுகிறாள். அவள் பத்தாவது.

போன வருஷம் தை மாதம் சேலத்துக்காரர் ஒருவர் மோட்டாரோடு வந்தார். போன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு வாங்கிப் போட்டிருக்கிறார். நான் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் ஒரு மைக்கைப் பிடித்து, யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். போன் இல்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு செட், காரின் தலையில் ஒரு கம்பி. யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருப்பவர் மைசூரில் இருக்கிறாராம். சிம் கிடையாது, டவர் கிடையாது, மாதாமாதம் ரீசார்ஜ் கிடையாது. தன் செட்டு, தன் ஏரியல், தன் பேச்சு. ஹாம் ரேடியோ என்று பெயர்.

இத்தனை வருஷம் கம்பிக்குள் ஓடும் கரண்ட்டைப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறேன். கம்பியை விட்டுக் குதித்து மைசூர் போகிற கரண்ட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். குடுங்க சார், நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. லைசென்ஸ் இல்லாதவங்க இத அமுக்கக் கூடாதுங்க. அதுக்குப் பரிச்சை எழுதணும்."

கடையில் மோட்டார் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிர் டீக்கடைக்காரன் வேறு கிளாஸ் எடுக்க வந்திருந்தான். அவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

"பரிச்சையா, அண்ணனுக்கா? செக்குல கையெழுத்துப் போடறதுக்குள்ள என்ற டீ ஆறிப் போவுதே."

எல்லோரும் சிரித்தார்கள். சேலத்துக்காரர்கூடக் கொஞ்சம் சிரித்துவிட்டார். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "ஆடிக்குள்ள லைசென்ஸ் வாங்கி, இதே எடத்துல ஒக்காந்து பேசறன். நீயே கேளு."

சொல்லிவிட்டேன். நான் ஒரு மோட்டாரை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை தந்துவிடுவேன். என் பேச்சுக்கு இந்த ஊரில் அப்படி ஒரு மரியாதை.

சேலத்துக்காரர் நல்ல மனுஷர். மறுவாரமே ஒரு கட்டுப் பேப்பர் கொண்டுவந்து கொடுத்தார். பரீட்சையில் இரண்டு பாகம். ஒன்று கரண்ட்டும் ரேடியோவும் வேலை செய்கிற விதம். மற்றது சட்டதிட்டம், எந்த அலையில் பேசலாம், எதைப் பேசக் கூடாது, எந்தச் சுருக்கக் குறிக்கு என்ன அர்த்தம். கேள்விக்கு நாலு பதில் கொடுத்திருப்பார்கள், ஒன்றைக் குறிக்கவேண்டும். எல்லாம் இங்கிலீஷ்.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டு இங்கிலீஷ்தான். வோல்ட், ஆம்பியர், எச்.பி., ஆர்.பி.எம். அந்தத் தகட்டைத் தாண்டி நான் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் ஞாபகம் என்று ஒன்று எனக்கு இருக்கிறது. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று நோட்டுப் பார்க்காமல் சொல்வேன். அதை நம்பி இறங்கினேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கடையில் ஆள் இல்லாத நேரம், வீட்டுக்காரி வாசிப்பாள், நான் கம்பி சுற்றிக்கொண்டே கேட்பேன். கேள்வியின் முதல் வார்த்தை எப்படி இருக்கும், சரியான பதில் எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்று விரல் வைத்துக் காட்டுவாள். நான் வார்த்தையைப் படமாகப் பிடித்துக்கொள்வேன். சட்டதிட்டப் பாகம் இரண்டே மாதத்தில் என் தலைக்குள் ஏறிவிட்டது. க்யூ.டி.எச். என்றால் இருக்கிற இடம், க்யூ.ஆர்.எம். என்றால் குறுக்கே இன்னொருவர் பேசும் இடைஞ்சல். நான் சந்தைக்குப் போயிருந்தால் போன் பண்ணி, உங்க க்யூ.டி.எச். எங்கங்க என்று கேட்கும் அளவுக்கு வீட்டுக்காரியே தேறிவிட்டாள்.

கரண்ட்டுப் பாகம் வந்ததும் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நான்தான் மூடிவை என்றேன். நாற்பது வருஷமாகக் கரண்ட்டோடு குடித்தனம் நடத்துகிறேன், ஏணியிலிருந்து இரண்டு தடவை தள்ளிவிட்டிருக்கிறது, அதைப் பற்றி எனக்குப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை என்றேன். அவள் ஒரு தடவையாவது கேட்டு வையுங்களேன் என்றாள். நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் சேலத்துக்காரர் ஒரு பழைய செட்டை இரவல் கொடுத்தார். கேட்க மட்டும் முடியும், பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் பக்கத்து ஆட்கள் எல்லாம் ஒரு அலையில் கூடி வருகைப் பதிவு மாதிரி ஒவ்வொருவராகப் பேசுவார்கள், அதைக் கேட்டுப் பழகுங்கள் என்றார். ஏரியலுக்கு இருபது மீட்டர் கம்பி, இரண்டு பாதியாக. நடுவில் மாட்ட உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி தந்தார். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, நான் நடுப்பெட்டி என்றுதான் சொல்வேன். செட்டிலிருந்து வரும் கேபிள் அதில் நுழையும்; இரண்டு பாதிக் கம்பியும் அதிலிருந்து கிளம்பும்.

ஏரியல் கட்டுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா. மாடியில் போர் பைப்பை நட்டு, அதற்கு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, மறுமுனையைப் பின்னால் என் தென்னைமரத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டம்மா அதில் இரண்டு சேலையைக் காயப்போட்டுவிட்டார்கள் என்பது தனிக் கதை. ஆனால் மாட்டுவதற்கு முன்னால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். நடுப்பெட்டியை டெஸ்ட் பண்ணினேன்.

வைண்டிங் கடைக்கு சீரீஸ் லேம்ப்தான் சாமி. கரண்ட் வரும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்து, இரண்டு முனையை வெளியே விட்டிருப்போம். காயிலின் இரண்டு முனையிலும் அதைத் தொட்டால் பல்பு மங்கலாக எரியவேண்டும். எரியவே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. முழுசாக எரிந்தால் ஷார்ட், உள்ளே கம்பியும் கம்பியும் ஒட்டிக் கருகிவிட்டது, பிரித்துப் போடவேண்டியதுதான். இந்த ஒரு விளக்கை வைத்துத்தான் வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன்.

நடுப்பெட்டியில் தொட்டேன். பல்பு பளீரென்று முழுசாக எரிந்தது.

பாவம், சேலத்துக்காரர் கெட்டுப்போன சாமானைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொல்லி அவர் மனசைக் கஷ்டப்படுத்துவானேன். திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு வளையம், அதன்மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுக் கம்பி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு சுற்றில் என்ன காயில் இருக்கிறது? அதை அறுத்துப் போட்டுவிட்டு, அந்த வளையத்திலேயே மெல்லிய கம்பியில் முந்நூறு சுற்றுச் சுற்றினேன். ஒரு சுற்று மேல் ஒரு சுற்று ஏறாமல், நடுவில் பேப்பர் வைத்து, முழுசாக வார்னிஷில் முக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். மறுபடி தொட்டபோது பல்பு அழகாக மங்கி எரிந்தது. அந்த மாதிரி ஒரு வேலையை மெட்ராஸில்கூட யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

மாட்டினேன். செட்டைப் போட்டேன். உஸ்ஸென்று ஒரே இரைச்சல்.

ஞாயிறு ஏழு மணிக்குப் போட்டேன், இரைச்சல். எட்டு மணிக்கும் அதுவே. அடுத்த ஞாயிறும் அதுவே. இரைச்சலுக்கு நடுவில் எப்போதாவது கிணற்றுக்கு அடியிலிருந்து யாரோ முனகுகிற மாதிரி கேட்கும். காதை வைத்தால் போய்விடும். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செட் பழசு என்றேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருப்பதால் என்றேன். கேபிளை மாற்றினேன், தென்னையிலிருந்து அவிழ்த்து மாமரத்தில் கட்டினேன். எதுவும் ஆகவில்லை. கடைசியில் மூன்று வீடு தள்ளியிருக்கும் மாவு மில்லில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக அங்கே போய், பத்து நிமிஷம் மில்லை நிறுத்து, உன் மோட்டார் சரியில்லை, ஊரெல்லாம் இரைச்சல் விடுகிறது என்றேன்.

மில்காரன் மாவுக் கையோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க சுத்திக் குடுத்த மோட்டாருதாங்கண்ணா."

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒன்று மட்டும் இன்றைக்கும் யோசிக்கிறேன். மரத்தைச் சந்தேகப்பட்டேன், மில்லைச் சந்தேகப்பட்டேன், வானத்தைச் சந்தேகப்பட்டேன். அந்த நடுப்பெட்டியை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வந்திருந்தாலும் கழற்றி லேம்ப்பில்தான் தொட்டுப் பார்த்திருப்பேன். மங்கி எரிந்திருக்கும். திரும்ப மாட்டியிருப்பேன்.

பரீட்சைக்கு ஆனி மாதத்தில் கூப்பிட்டார்கள், சென்னையில். மொரப்பூரில் காலை ரயிலேறி வீட்டுக்காரியும் நானும் போனோம். வாசலில் காலேஜ் பிள்ளைகளாக நின்றார்கள். அதில் ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டது, அங்கிள் உங்க பையனை உள்ளே விட்டுட்டீங்களா என்று. பையன் இல்லம்மா, நான்தான் என்றேன். அது நாக்கைக் கடித்துக்கொண்டது. கடித்து என்ன பிரயோஜனம்.

உள்ளே எனக்குப் பயமே இல்லை. சட்டதிட்டக் கேள்விகளில் என் வார்த்தைப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தட்டித் தட்டிக் குறித்தேன். கரண்ட்டுப் பாகத்தில் தெரிந்த வார்த்தையைப் பிடித்து, மிச்சத்தை என் அனுபவத்தில் குறித்தேன். பக்கத்துப் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன்.

ரிசல்ட்டைப் பிரவுசிங் சென்டரில் வீட்டுக்காரிதான் பார்த்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"சட்டதிட்டம் பாஸுங்க. என்னாங்க, கரண்ட்டுல போயிட்டீங்களே."

அந்த இங்கிலீஷ் சட்டதிட்டத்தில் பெயிலாகியிருந்தால் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன். படிக்காதவன், என்ன செய்வான் என்று சொல்லியிருப்பார்கள். மோட்டார்க்காரன் கரண்ட்டில் பெயில் என்பதை எந்த வாயால் வெளியே சொல்வது? கடையின் போர்டிலேயே கரண்ட் இருக்கிறது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று ஊரில் சொல்லச் சொன்னேன். ஆடி பிறந்தது, ஆடி முடிந்தது. டீக்கடைக்காரன் தினம் கிளாஸை வைக்கும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போவான். ஆடி பதினெட்டு அன்றைக்கு, "அண்ணா, இந்த வருசத்து ஆடியா, வர்ற வருசத்து ஆடியா, அதச் சொல்லலையே நீங்க" என்றான். அவன் டீயை ஒரு வாரம் குடிக்கவில்லை. என் டீயை நிறுத்தியதில் எனக்குத்தான் தலைவலி.

கடைசியில் சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன். பேப்பர் திருத்தியவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக, எந்தெந்தக் கேள்விக்கு என்ன குறித்தீர்கள் என்று கேட்டார். என் ஞாபகத்தைத்தான் சொன்னேனே, வரிசையாகச் சொன்னேன். காயிலில் போகிற கரண்ட்டின் வேகத்தை, அதாவது ஒரு நொடிக்கு அது எத்தனை தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது என்பதை, ஏற்றிக்கொண்டே போனால் காயில் அதைத் தடுப்பது கூடுமா குறையுமா என்று ஒரு கேள்வி. ஒன்றும் மாறாது என்று குறித்திருந்தேன். எனக்குத் தெரிந்த கரண்ட் எல்லாம் நொடிக்கு ஐம்பது தடவைதான். ஐம்பது ஏன் மாறப்போகிறது?

அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அப்புறம் கேட்டார்: "அண்ணா, நான் குடுத்த அந்தப் பெட்டிய மாட்டறதுக்கு முந்தி லேம்ப்ல வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க சார். ஷார்ட்டா இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன்."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் காரில் வந்துவிட்டார். மாடிக்கு ஏறி, என் நடுப்பெட்டியைக் கழற்றி, உள்ளே பார்த்தார். வார்னிஷ் பளபளத்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொம்ப சுத்தமான வேலை அண்ணா என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதுசாக ஒன்று கொண்டுவந்திருந்தார். கீழே கடைக்குக் கொண்டுபோய், நீங்களே தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். பளீரென்று எரிந்தது. பார்த்தீங்களா, இதுவும் ஷார்ட் என்றேன். இது அப்படித்தான் எரியும், எரியவேண்டும் என்றார். உங்கள் ஐம்பதுக்கு இந்தப் பன்னிரண்டு சுற்று வெறும் கம்பி, திறந்துவிட்ட கதவு. ரேடியோ நொடிக்கு எழுபது லட்சம் தடவை போய்வரும், அதற்கு இந்தப் பன்னிரண்டு சுற்றே பாதிச் சுவர், நீங்கள் சுற்றிய முந்நூறு முழுச் சுவர், ஒன்றும் உள்ளே வராது என்று விளக்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பது வருஷமாக இந்த லேம்ப் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை சார் என்றேன்.

"பொய் சொல்லலைங்கண்ணா. அதுக்குத் தெரிஞ்சத அது சொல்லுது. அதுக்கு அம்பதுதான் தெரியும்."

லேம்ப்பைத்தான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்காரி சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஷார்ட் என்று லேம்ப் சொன்ன ஒரு சாமானை என் வாழ்க்கையில் நான் மாட்டிக்கொடுத்ததில்லை. கை வரவில்லை. ஸ்குரூவை இரண்டு தடவை கீழே போட்டேன். மாட்டி முடித்து, படி இறங்கி, செட்டைப் போட்டபோது மணி ஏழேகால். யாரோ ஒருவர், என் வீட்டுக்குள் நின்று பேசுகிற மாதிரி, ஓசூர் பக்கம் ராத்திரி நல்ல மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து ஒருவர் கன்னடம் கலந்து பேசினார். அடுத்து ஈரோடு. வீட்டுக்காரி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. இத்தனை மாதமும் இவர்கள் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் வார்னிஷ் அடித்து அடைத்துவைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானமே கரண்ட்டுப் பாகத்தை எடு என்றேன். அவள் முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், பெயர்தான் வேறு. மீதிப் பாதியில் ஒவ்வொரு வரியும் என்னோடு சண்டைக்கு வந்தது. அவள் வாசிப்பாள், நான் அது எப்படி என்பேன், அவள் எனக்கென்னங்க தெரியும், போட்டிருக்கிறது என்பாள். ஐப்பசியில் ஒருநாள், இதற்குமேல் எதிர்த்துப் பேசினால் நான் வாசிக்கமாட்டேன் என்று புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள். நானே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மார்கழியில் மறுபடி சென்னை. இந்தத் தடவை ஒரு பாகம்தான். ஏழாவது கேள்வியோ எட்டாவதோ, காயில் என்கிற வார்த்தை வந்து நின்றது. அதே கேள்வி இல்லை, அதன் பங்காளி. கை பழைய பக்கமே போனது. பேனாவை வைத்துவிட்டேன். கண்ணை மூடினால் அந்தப் பல்பு பளீரென்று எரிகிறது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, "கூடும்" என்ற பதிலைக் குறித்தேன். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் எழுந்துபோன பிறகு கடைசியாக வெளியே வந்தவன் நான்.

பாஸ். பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குத்தான் போனேன். போனது போகட்டும் என்று, முதல் தடவை கரண்ட்டில் பெயிலானதையும் நானே சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அங்கே வடை சுடுகிற அம்மா திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, சரிண்ணா, அப்ப இன்னைக்கே பேசுங்க, கேட்போம் என்றான்.

அங்கேதான் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். பரீட்சை பாஸானது ஒரு பேப்பர். கையெழுத்துப் போட்டு, நமக்கென்று ஒரு அழைப்புக் குறி எழுதி லைசென்ஸ் வருவது வேறு பேப்பர். அது வந்தால்தான் மைக்கைத் தொடலாம். எனக்கென்று பேசுகிற செட் ஒன்றைச் சேலத்துக்காரர் பார்த்துவைத்திருக்கிறார். லைசென்ஸைக் காட்டினால்தான் கைக்கு வரும். ஆதாரில் என் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி என்று ஒருதடவை திருப்பினார்கள். திருத்திக் கொடுத்தேன். போட்டோவின் பின்பக்கம் வெள்ளையாக இல்லை என்று ஒருதடவை. அதையும் கொடுத்தேன். இப்போது வீட்டுக்காரி வாரம் ஒருதடவை கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வரி. தை வந்து போயிற்று. பங்குனியும் முடியப்போகிறது. நான் ஒரு மோட்டாரை இத்தனை நாள் வைத்திருந்தால் விவசாயி என் சட்டையைப் பிடித்திருப்பான். இவர்கள் சட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஞாயிறு தவறாமல் ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுகிறேன். நடத்துகிறவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிப்பார். கடைசியில், வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். ஒருவரும் பேசாத அந்தச் சின்ன இடைவெளியில் லேசாக உஸ் என்று மட்டும் கேட்கும். மூச்சு இழுத்து விடுகிற நேரம். அப்புறம் நன்றி சொல்லி மூடிவிடுவார்.

இரண்டு வாரமாக அந்த இடைவெளி நீண்டிருக்கிறது. சேலத்துக்காரர் அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கவேண்டும். நேற்றும் அப்படித்தான். கேட்டார். நிறுத்தினார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. யாருடைய இரக்கமும் எனக்கு வேண்டாம், சீக்கிரம் மூடித்தொலையுங்கள் என்று செட்டைப் பார்த்துத் திட்டினேன். சமையல்கட்டிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத்தாங்க காத்திருக்காங்க."

"தெரியுது," என்றேன். "வரட்டும் பேப்பரு."

அவர் மூடும்வரை நான் எழுந்திருக்கவில்லை.